விசேஷம் ஒன்றுமில்லை

போன வாரம் கூடத்து மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு ஈரத் திட்டு தென்பட்டது. முதல் நாள் உள்ளங்கை அளவு. மறுநாள் பார்த்தால் முறம் அளவு. காளவாசலுக்கு மேற்கே நாங்கள் கட்டிக் குடியிருக்கிற கான்கிரீட் வீடு இது. கான்கிரீட் வீடு ஒழுகாது என்று எனக்கு யார் சொன்னது என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகவே நம்பியிருக்கிறேன்.

இதற்கென்றே இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு தம்பியின் நம்பர் கிடைத்தது. எத்தனை சதுர அடி, கட்டி எத்தனை வருஷம், தண்ணீர்த் தொட்டி எந்த மூலையில் என்று போனிலேயே ஏழெட்டுக் கேள்வி கேட்டான். போட்டோ அனுப்பச் சொன்னான், லொகேஷன் அனுப்பச் சொன்னான். கடைசியில், "நாளைக்கு வெள்ளன வாரேன் சார்" என்றான். இது நடந்து நான்கு நாளாகிறது. கூப்பிட்டால், "ஆன் த வே சார்" என்கிறான். "அவன் வார வழி காசியச் சுத்தி வருதாக்கும்" என்றாள் என் மனைவி. அப்புறம் அவளே, "மேல எதையாச்சும் வாங்கிப் போட்டு மூடுங்க" என்று என்னைக் கடைக்கு விரட்டினாள்.

வாங்கி வந்தேன், ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பு. தார்ப்பாய் என்றுதான் கடைக்காரர் கொடுத்தார். பிரித்ததும் மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தேன். மனைவி பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதில் ஒரு வாடையும் இல்லை. நிஜத் தார்ப்பாய்க்கு ஒரு வாடை உண்டு. மெழுகும் மண்ணெண்ணெயும் பழைய சாக்கும் சேர்ந்த மாதிரி, மழை பட்டால் இன்னும் தூக்கலாக இருக்கும். அந்த வாடையை ஒரு தடவை பஸ்ஸில் வாடிப்பட்டி வரைக்கும் தோளில் சுமந்து வந்திருக்கிறேன். அந்தத் தார்ப்பாய் பாண்டி அண்ணனுடையது.

அண்ணன் என்று இப்போது வாய் நிறையச் சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன், ஆனால் சுற்றித்தான் வர வேண்டும்.

அப்போது வாடிப்பட்டியில் எங்களுக்கு ஓட்டு வீடு. அப்பா அரிசி ஆலையில் மேஸ்திரி. நான் திருமங்கலத்தில் ஒரு பருத்திக்கொட்டைக் கிடங்கில் கணக்குப்பிள்ளையாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். காளவாசலில் பஸ் மாறிப் போய்வருவேன். வேலைக்குப் போகிறவன் என்ற மிதப்பு நடையிலேயே தெரியும் என்று அக்கா கேலி செய்வாள். வீட்டின் ஓடுகளைத் தாங்குகிற ரீப்பர் கட்டைகளைக் கரையான் தின்று, ஓடுகள் ஒன்றை விட்டு ஒன்று விலகிவிட்டன. மழை வந்தால் எந்தப் பாத்திரத்தில் சமைப்பது, எதை ஒழுகலுக்கு வைப்பது என்று அம்மா திண்டாடிப் போவாள். ஒருநாள் ரசம் வைக்கப் பாத்திரம் மிஞ்சாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். அதையெல்லாம் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த ஐப்பசியில்தான் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "பெரியவங்க நம்ம நனைவோம், காய்வோம். பச்சப்புள்ள தலையில சொட்டுச்சுன்னா என்னடா பண்றது?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பிறப்பதற்குள் ஓடு மாற்றியாக வேண்டும். "நான் பாத்துக்கிறேன்" என்றேன். என் வாழ்க்கையில் வீட்டில் நான் பொறுப்பேற்ற முதல் காரியம் அது.

பொறுப்பு இருந்ததே தவிர விவரம் இல்லை. பஸ் நிலையத்து டீக்கடையில் போய், "ஓட்டுப் போட ஆள் கிடைக்குமாண்ணே?" என்று கேட்டேன். அது தேர்தல் வந்துகொண்டிருந்த நேரம். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "எம்புட்டுப் பேரு வேணும் மாப்ள? எந்தக் கட்சிக்கு?" என்றார் ஒருவர். இல்லண்ணே, வீட்டுக்கு மேல போடுற ஓடு என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு அவர்கள் சொன்ன பெயர்தான் பாண்டி. திண்டுக்கல் ரோட்டில் எங்கள் ஊருக்கு நான்கு நிறுத்தம் முன்னால் இறங்கி, காலனிக்குப் போய்க் கேட்க வேண்டும் என்றார்கள். டீ மாஸ்டர், "நீங்க போக வேணாம், நாளைக்கு அவரே இந்தப் பக்கம் வருவாரு" என்றார்.

வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. கீழே நின்றபடியே எங்கள் கூரையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம், "வீட்டுல விசேசம் ஏதும் இல்லைல்ல தம்பி?" என்று கேட்டார்.

நானும் யோசித்தேன். அக்கா கல்யாணம் முடிந்துவிட்டது. எனக்கு இப்போதைக்கு இல்லை. காதுகுத்துக்கும் ஆள் இல்லை. "விசேசம்லாம் ஒண்ணும் இல்லண்ணே. மழைக்கு முன்னாடி முடிக்கணும், அம்புட்டுதான்" என்றேன்.

"நல்லாத் தெரியும்ல?" என்று இன்னொரு தடவையும் கேட்டார். இதென்ன, கல்யாண வீட்டுக்கு வேலை செய்தால் கைராசி போய்விடுமா என்று நினைத்துக்கொண்டு, "சத்தியமா ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். சத்தியம் வேறு. கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. மூன்று நாள் விடுப்புப் போட்டு நானும் கூடவே நின்றேன். கூடத்தையும் சமையற்கட்டையும் முதலில் பிரித்தார். ஓடுகளைப் பத்துப் பத்தாக இறக்கி, நல்லது தனி, உடைந்தது தனி என்று அடுக்கினார். அதிகம் பேச மாட்டார். கட்டையைத் தட்டிப் பார்த்து, "இது ஆகாது" "இது ஆகும்" என்பதோடு சரி. ஆனால் அந்த மூன்று நாளும் அம்மாவின் போக்கு எனக்குப் புரியவில்லை. அக்காவைப் பின்கட்டு அறையில் வைத்துக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். "புழுக்கமா இருக்கே, வெளிய வந்து உக்காரட்டுமே" என்றதற்கு என் தொடையில் கிள்ளினாள். பாண்டி அண்ணனிடம், "பின்னால இருக்க ரூமைக் கடைசியில பாத்துக்கலாம்ப்பா, சாமான் கெடக்கு" என்றாள். அங்கே என்ன சாமான் கிடக்கிறது என்று நான் வாயைத் திறந்தேன். மறுபடியும் கிள்ளு.

புதன்கிழமை மத்தியானம் அவர் பின்கட்டு ஓரத்துக்குப் போனார். கட்டை அந்தப் பக்கமும் ஓடுகிறதே, பிரிக்காமல் எப்படி மாற்றுவது? நாலு ஓடு எடுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஏணியில் இறங்கி வந்தார். குழாயில் கைகால் கழுவினார். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "வாரேன்" என்றார்.

"நாளைக்குத்தானண்ணே?" என்றேன்.

"வாரேன் தம்பி."

வியாழன் வரவில்லை. வெள்ளி வரவில்லை. சனியும் வரவில்லை. கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் மேலே வெறும் வானம். அதில் மேகம் கூடிக்கொண்டே போனது. வீட்டில் பெரிய விவாதம். "வாரேன்னுதான சொல்லிட்டுப் போனாரு, வருவாரு" என்றேன் நான். "போறவன் எவன்டா போறேன்னு சொல்லிட்டுப் போவான்? நம்ம ஊர்ல எல்லாப் பயலும் வாரேன்னுதான் சொல்லுவான்" என்றார் அப்பா. அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. போறேன் என்றால் அபசகுனம், திரும்பி வராதவன் சொல்கிற சொல் என்பதால் யாரும் சொல்வதில்லை. அப்படியென்றால் அவர் சொன்னது வருகிறேன் என்ற வாரேனா, போகிறேன் என்ற வாரேனா? ஏணியை எங்கள் வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார். வருகிறவர்தான் ஏணியை விட்டுப் போவார். ஓடுகிறவனுக்கும் ஏணி சுமைதான், அவனும் விட்டுத்தான் போவான். யோசிக்க யோசிக்க மண்டை காய்ந்தது. அம்மா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் அவள்தான் அதிகம் பேசுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, அந்த நிறுத்தத்தில் இறங்கிக் காலனிக்குப் போனேன். பாண்டி வீடு என்றதும் ஒரு ஆட்டு வியாபாரியிடம் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து ஒரு சைக்கிள் கடைப் பாண்டி. மதுரைச் சீமையில் பாண்டி என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒருவரைத் தேடுவது லேசுப்பட்ட காரியமா? மூன்றாவதாகத்தான் நம் ஆள். வேறு எங்கேயோ வேலை கிடைத்துப் போயிருப்பார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தால், மனிதர் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபத்தோடு குழப்பமும் சேர்ந்துகொண்டது.

"வாங்க தம்பி" என்று எழுந்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

"ஏன் வரல?" என்றேன்.

"வாரேன்னு சொன்னேன்ல தம்பி. வாரேன்."

"எப்ப?"

"ஆகட்டும்."

"என்ன ஆகட்டும்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் நல்லபடியா ஆகட்டும் தம்பி. அப்பறம் நானே வாரேன்" என்றார்.

அப்படி என்ன ஆக வேண்டும்? நானாவது அவரிடம் விளக்கம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்று நாள் அண்ணே அண்ணே என்று கூப்பிட்ட வாய், சட்டென்று 'நீ'க்கு இறங்கியது. "உங்க ஆளுகளே இப்பிடித்தான். ஒன்னய நம்பிக் கூரையப் பிரிச்சேன் பாரு, என்னயச் சொல்லணும்" என்றேன். உங்க ஆளுகளே என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், செம்போடு நின்றுகொண்டிருந்த அவர் மனைவிக்கும் தெரியும். அந்தம்மா செம்பை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாண்டி அண்ணன் திரித்த கயிற்றைக் கீழே போட்டார். வீட்டுக்குள் போய், கயிறு போட்டுக் கட்டிய ஒரு தார்ப்பாயைத் தூக்கிவந்து என் தோளில் வைத்தார். "மழ இன்னைக்கே வரும் போல இருக்கு. அக்கா படுத்துருக்க பக்கமா மொதல்ல விரிங்க" என்றார். நான் விருட்டென்று கிளம்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் தார்ப்பாய் வாடை தாங்காமல் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனார். என் புத்தியைப் பாருங்கள், நம் வீட்டில் ஒரு அக்கா இருப்பது இந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குக் கடைசி வரைக்கும் தோன்றவே இல்லை.

அம்மாவுக்குத் தோன்றியது. அவர் சொன்னதை நான் அப்படியே சொன்னதும், தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விஷயம் இவ்வளவுதான். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் கூரையைப் பிரிக்கக் கூடாது, நிலைக்கதவில் கை வைக்கக் கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு சாங்கியம். அம்மாவுக்கு அது தெரியும். ஆனால் மழைக்கு அது தெரியாதே. அதனால் அக்காவை மறைத்து வைத்துவிட்டு வேலையை முடித்துவிடப் பார்த்திருக்கிறாள். புதன்கிழமை நாலு ஓடு விலகியதும் வெயில் நேராக அக்காவின் வயிற்றின் மேல் விழுந்திருக்கிறது. பாயில் படுத்திருந்தவள் மேலே பார்க்க, மேலேயிருந்து அவர் கீழே பார்க்க, இரண்டு பேருமே பயந்துவிட்டார்கள். "வெயிலு கண்ணக் கூசுது. அவரு கையெடுத்துக் கும்பிட்டாருடா. அப்பறம் ஒவ்வொரு ஓடா சத்தமில்லாம மூடிட்டாரு" என்றாள் அக்கா. நிறைமாதக்காரி காதில் விழும்படி இதற்காகத்தான் நிறுத்துகிறேன் என்று சொல்வதும் ஆகாது. அதனால்தான் வெறும் வாரேன்.

"மொதல்லயே ஒன்கிட்டக் கேக்கலையாடா அவரு? கேக்காமக் கைய வைக்க மாட்டாகளே" என்றாள் அம்மா.

"விசேசம் ஏதும் இருக்கான்னுதான் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் இல்லைன்னேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கூறுகெட்டவனே! விசேசம்னா கல்யாணம் காதுகுத்து மட்டுமாடா? புள்ள உண்டாயிருக்கதுக்கும் விசேசம்னுதானடா சொல்லுவாக!"

இருபத்து மூன்று வயது. மாதாமாதம் கிடங்குக் கணக்கில் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுகிறவன். எனக்கு அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் தெரியாது. தெரியாது என்று கூடச் சொல்ல முடியாது. அக்கா விசேஷமாக இருக்கிறாள் என்று ஊரே பேசியதை நானும் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவர் பார்வையில் நான் யார்? நிறைமாதத்து அக்காவை உள்ளே வைத்துக்கொண்டு, தன்னிடம் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவன். தன் கையால் ஒரு பாவத்தைச் செய்ய வைக்கப் பார்த்தவன். அதற்கு மேல் வீடு தேடி வந்து ஏசிவிட்டும் போனவன்.

அன்று சாயங்காலமே மழை கொட்டியது. கூடமும் சமையற்கட்டும் குளம். பின்கட்டு அறையின் மேல் நானும் அப்பாவும் தார்ப்பாயை விரித்துக் கட்டினோம். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. விடிந்ததும் அக்காவுக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டும் நலம். கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்தவள் என்று இன்றைக்கும் அவளைக் கேலி செய்வோம்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து பிளாஸ்க் எடுக்க வீட்டுக்கு வந்தேன். கூரை மேல் பாண்டி அண்ணன். பொட்டலம் நிறையக் கல்கண்டோடு அப்பாவே அவர் வீட்டுக்குப் போய்ச் செய்தி சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார். ஓடிப் போனவன் என்று சொன்ன அப்பா! வியாழனும் வெள்ளியும் வேலை நடந்தது. அந்த இரண்டு நாளில் அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இருபது தடவையாவது வாய்ப்பு வந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு வரைக்கும் வந்த பேச்சு, "காபி குடிக்கிறீகளாண்ணே?" என்று வெளியே வந்தது. நான்கு வேளை காபி கொடுத்தேன். குடித்தார். ஆனால் தம்பி என்று கூப்பிடவில்லை. விசேஷம் என்றால் எனக்கு வேறு அர்த்தம்தான் தோன்றியது, நான் பொய் சொல்லவில்லை அண்ணே என்ற ஒரு வரியைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகட்டு ஓடும் வைத்து முடித்தார். அப்போதுதான் அக்காவும் குழந்தையும் வந்து இறங்கினார்கள். அவர் ஏணியைத் தோளில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். 'போ' என்று தொடங்கியது மட்டும் கேட்டது. அதே நேரத்தில் குழந்தை வீலென்று அழுதது. மீதி கேட்கவில்லை.

அவர் சொன்னது "போயிட்டு வாரேன்"ஆ, "போறேன்"ஆ?

இந்தக் கேள்வியை இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். போயிட்டு வாரேன் என்றால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. போறேன் என்றால் இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம். அக்காவிடம் கேட்டால், "போயிட்டு வாரேன்னுதான்டா சொன்னாரு, நான் கேட்டேனே" என்பாள். அவள் கையில்தான் குழந்தை அழுதுகொண்டிருந்தது, அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? தார்ப்பாயை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. திரும்ப வருவதற்காக விட்டுப் போனாரா, எங்கள் வீட்டில் கிடந்த பொருள் இனி தனக்கு வேண்டாம் என்று விட்டுப் போனாரா, அதுவும் விளங்கவில்லை. அடுத்த வருஷம் ஒரு ஓடு உடைந்தபோது அப்பாவே ஏறி மாற்றினார். ஆள் சொல்லி அனுப்பலாமா என்று அம்மா கேட்டதற்கு, வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

தார்ப்பாயைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போயிருக்கலாம். நான்கு நிறுத்தம். தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போனேன், வந்தேன். இறங்கவில்லை. தார்ப்பாயில் அம்மா மிளகாய் காயப்போட்டாள். பிறகு அது கிழிந்து, துண்டாகி, கடைசித் துண்டு என் ஸ்கூட்டரை மூடிக் கிடந்து, அதுவும் நைந்து போனது. ஓட்டு வீட்டை இடித்தாகிவிட்டது. அப்பா இல்லை, அம்மா இல்லை. ரோடு நான்கு வழியானதில் அந்த நிறுத்தமே இல்லை, பஸ் மேம்பாலத்தில் ஏறி அந்த ஊரைத் தாண்டிப் போய்விடுகிறது. விசேஷம் ஏதும் உண்டா என்று வேலைக்கு முன்னால் இப்போது யாரும் கேட்பதில்லை. சதுர அடிதான் கேட்கிறார்கள்.

நீல விரிப்பை மாடியில் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்துவிட்டு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தம்பியைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்கச் சொல்கிறாள் மனைவி. கேட்க மாட்டேன். அவன் வராததற்கு எனக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருக்கும்.

இன்னொன்றும் உங்களிடம் மறைத்துவிட்டேன். அன்று பாண்டி அண்ணன் வீட்டிலிருந்து விருட்டென்று கிளம்பி வந்தேன் என்றேன் அல்லவா? சும்மா வரவில்லை. தார்ப்பாய் தோளில் இருந்தது. அவர், "பாத்துப் போங்க தம்பி" என்றார். நான் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்லிவிட்டுத்தான் நடந்தேன். குழந்தை எதுவும் அழவில்லை, அவருக்குத் தெளிவாகவே கேட்டிருக்கும்.

"போறேன்" என்றேன்.